முரட்டுக் குதிரையும் மூணு மணி நேரமும்

1858-ல இங்கிலாந்துல க்ரூஸர்னு ஒரு குதிரை இருந்தது. ஜாதிப் பந்தயக் குதிரை, காயடிக்காத ஆண். அப்போ ஆறு வயசு இருக்கும், குதிரைக் கணக்குல நல்ல இளவட்டம். வெனிசன்னு பேர் போன குதிரைக்குப் பிறந்தது. பந்தயத்துல பெரிசா வரும்னு எதிர்பார்த்தாங்க. கால்ல கோளாறு வந்து அந்தக் கனவு முடிஞ்சது. சரி, வம்சவிருத்திக்காவது ஆகும்னு பார்த்தா, பக்கத்துல யாரும் போக முடியல.

உடமைக்காரர் லார்ட் டார்செஸ்டர். அவர் சொன்ன கணக்குப்படி, ஒரு அங்குல கனமுள்ள இரும்புக் கம்பியையே பல்லால கடிச்சு முறிச்ச குதிரை அது. ஆளைப் பார்த்தாலே கத்திக்கிட்டுப் பாயும். அதனால தலையில இரும்பு வார்த்த கனமான முகமூடி மாதிரி ஒரு வாய்ப்பூட்டு மாட்டி, செங்கல் கட்டின தனி லாயத்துல அடைச்சு வச்சிருந்தாங்க. வருஷக்கணக்கா இதே கதி. குதிரை மந்தையா வாழற மிருகம். அதைத் தனியா அடைச்சு, இரும்பையும் மாட்டி, தீவனம் வைக்கும்போதுகூட தூர இருந்து கம்பால தள்ளி வச்சா அது சாதுவாகவா இருக்கும்? ஆனா அன்னைக்கு யாரும் இப்படி யோசிக்கல. 'பொல்லாத குதிரை', பிறவிக் குணம், அவ்வளவுதான்.

நம்மூர்ல 'அடியாத மாடு படியாது'ன்னு சொல்லுவோம் இல்லையா, அன்னைக்கு ஐரோப்பாவுல குதிரை பழக்கற பெரும்பாலான ஆட்களோட சித்தாந்தமும் அதுதான். ஒரு குட்டியைப் பழக்கறதுக்கு இங்கிலீஷ்ல இன்னைக்கும் 'உடைக்கறது'ன்னுதான் பேரு. சவுக்கு, முள்ளு, கூரான கடிவாளம், பட்டினி போடறதுன்னு எல்லாம் உண்டு. கிரேக்கத்துல கி.மு. நாலாம் நூற்றாண்டுலயே செனஃபன் குதிரையேற்றம் பத்தி ஒரு நூல் எழுதி, கோபத்தோட குதிரைகிட்ட போகாதேன்னு தெளிவாச் சொல்லிட்டுப் போயிட்டார். இரண்டாயிரத்து சொச்சம் வருஷமா அதைப் படிச்சவங்க ரொம்பக் கம்மி போல.

இந்த க்ரூஸர்கிட்ட முடிஞ்சா மோதிப் பாருன்னு லார்ட் டார்செஸ்டர் சவால் விட்டது ஒரு அமெரிக்கருக்கு. பேரு ஜான் சாலமன் ரேரி. ஒஹையோ மாநிலத்துல க்ரோவ்போர்ட் பக்கத்து விவசாயக் குடும்பம், 1827-ல பிறந்தவர். சின்ன வயசிலிருந்தே அக்கம்பக்கத்துக்காரங்க அடங்காத குட்டிகளை இவர்கிட்டதான் கொண்டுவந்து விடுவாங்களாம். 1856-ல தன்னோட முறையை ஒரு சின்ன புத்தகமா போட்டார். அப்புறம் கனடா போனார், அங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள்கிட்ட சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கிட்டு 1857 கடைசியில இங்கிலாந்து வந்து சேர்ந்தார். 1858 தொடக்கத்துல வின்ட்சர்ல விக்டோரியா மகாராணி முன்னாடியே வித்தையைக் காட்டியாச்சு. முப்பது வயசு, ஒல்லியான ஆள், அதட்டிப் பேசத் தெரியாத குரல். லண்டனுக்கே பைத்தியம் பிடிச்சது.

அப்புறம்தான் க்ரூஸர். ரேரி ஹாம்ப்ஷயர்ல அது இருந்த லாயத்துக்கே போனார். மூணு மணி நேரம். அதுக்கப்புறம் ரேரி அது மேல ஏறினார், லார்ட் டார்செஸ்டரும் ஏறினார். வருஷக்கணக்கா யாரும் தொட முடியாத குதிரை! அதை லண்டனுக்குக் கொண்டு வந்து மேடையில காட்டினப்போ, அந்த இரும்பு வாய்ப்பூட்டையும் பக்கத்துல வச்சுக் காட்டினாங்க. விளம்பரம்னா என்னன்னு ரேரிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. :-)

சரி, அந்த மூணு மணி நேரத்துல என்ன நடந்தது? மந்திரமா, மூலிகையா? அந்தக் காலத்துல நிறைய பேர் அப்படித்தான் நம்பினாங்க. அதுக்குக் காரணமும் இருந்தது. அயர்லாந்துல ஸல்லிவன்னு ஒருத்தர் இருந்தார், 1810-ல செத்துப் போனவர். லாயத்துக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவார். அரைமணி கழிச்சுத் திறந்தா முரட்டுக் குதிரை ஆட்டுக்குட்டி மாதிரி நிக்கும். காதுல ஏதோ ஓதறார்னு ஊர் சொன்னதால 'விஸ்பரர்'னே பேராகிப் போச்சு. அவர் கடைசி வரைக்கும் ரகசியத்தைச் சொல்லவே இல்ல.

ரேரியோட வித்தை இரண்டு தோல் வார். அவ்வளவுதான். முதல் வாரால குதிரையோட இடது முன்னங்காலை மடக்கி, குளம்பு மேல்காலோட ஒட்டற மாதிரி கட்டிடுவார். இப்ப குதிரைக்கு மூணு காலுதான். உதைக்கணும்னா மிச்சக் கால்ல நிக்க முடியாது, ஓடவும் முடியாது, நொண்டிக்கிட்டுத்தான் குதிக்கணும். இரண்டாவது வாரை வலது முன்னங்கால் கணுவுல மாட்டி, வயிற்றுப்பட்டைக்குள்ள விட்டு நுனியைக் கையில வச்சிருப்பார். குதிரை காலைத் தூக்கற சமயம் பார்த்து இழுத்தா அந்தக் காலும் மடங்கிடும். குதிரை முட்டி போடும். பின்னங்கால்ல எழும்பும், திரும்ப முட்டி போடும். பத்துப் பதினஞ்சு நிமிஷம் போராடும். வேர்த்துக் கொட்டும். கடைசியில பெருமூச்சு விட்டுப் பக்கவாட்டுல சாஞ்சு படுத்துடும்.

இது வரைக்கும் பார்த்தா சாமர்த்தியமான முரட்டுத்தனம், அவ்வளவுதான். மத்தவங்ககிட்ட இருந்து ரேரி வித்தியாசப்படறது இதுக்கப்புறம். குதிரை போராடும்போது இவர் ஒரு அடி அடிக்க மாட்டார், கத்த மாட்டார். படுத்ததும் வாரை அவிழ்த்துட்டு, தலையிலிருந்து வால் வரைக்கும் தடவிக் கொடுப்பார். காலைப் பிடிச்சு நீட்டுவார். மேல உட்காருவார். குளம்பைத் தூக்கித் தன் தலை பக்கத்துலயே வச்சுக்குவார். அப்புறம் குடை, முரசு, எருமைத்தோல் போர்வைன்னு குதிரை மிரள்ற சாமான்களை ஒவ்வொண்ணா கொண்டுவந்து முதல்ல மூக்குல காட்டி முகர விடுவார். முகர்ந்து பார்த்துப் பயம் போன பிறகுதான் உடம்புல படவிடுவார். ஏன்னா குதிரை எதையும் கண்ணால மட்டும் நம்பாது, மோந்து பார்க்கணும்னு அவர் கண்டுபிடிச்சு வச்சிருந்தார். குதிரைக்கு மனுஷனைவிடத் தனக்குப் பலம் அதிகம்னு தெரியாது, அது தெரியாமலே பார்த்துக்கணும். அதுக்குப் புரியற மாதிரி சொன்னா அது மறுக்காது. வலிக்காத எதுக்கும் அது கடைசி வரைக்கும் பயப்படாது. மொத்தமே இவ்வளவுதான் அவரோட தத்துவம்.

இந்த முறையோட ரகசிய வியாபாரம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஆபீஸ்ல சேரும்போது 'கம்பெனி ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன்'னு கையெழுத்துப் போடறோமே, அதே சமாச்சாரம் 1858-லயே! ஆளுக்குப் பத்து கினி கட்டணம், ரகசியம் காக்கறதா கையெழுத்து, மீறினா 500 பவுண்டு அபராதம். 500 பேர் சேர்ந்தாத்தான் சொல்லித் தருவேன்னு நிபந்தனை. கணக்குப் போட்டா 5,250 பவுண்டு. பிரபுக்களும், ராணுவ அதிகாரிகளும், வீட்டுப் பெண்களும் போட்டி போட்டுக்கிட்டுப் பேர் கொடுத்தாங்க. வெலிங்டன் பிரபுவோட குதிரைப் பயிற்சிக் கூடத்துல வகுப்பு.

இதுல வேடிக்கை என்னன்னா, ரகசியம் ஏற்கனவே அச்சுல இருந்தது! இரண்டு வருஷம் முன்னாடி அமெரிக்காவுல ரேரியே போட்ட புத்தகம் கடல் தாண்டி வந்துச்சு, ரூட்லெட்ஜ் பதிப்பகம் அதை மலிவுப் பதிப்பா அடிச்சு வித்துட்டாங்க. பத்து கினி கொடுத்தவங்க முகம் எப்படி இருந்திருக்கும்? ரேரி வேற வழியில்லாம எல்லாரையும் சத்தியத்திலிருந்து விடுவிச்சார். ஆனா கூட்டம் குறையல. புத்தகத்தைப் படிச்சா வார் கட்டத் தெரியும், கை பழகாது. எப்ப இழுக்கணும், எப்ப விடணும்கறது அந்தக் கையிலதான் இருந்தது. படிச்சுட்டு முயற்சி பண்ணி உதை வாங்கினவங்க கடைசியில பணம் கட்டி நேர்ல பார்க்க வந்தாங்க. அப்புறம் மிருகக்காட்சி சாலையில ஒரு வரிக்குதிரையையும் வழிக்குக் கொண்டு வந்தார், அது குதிரைகளைவிடப் பெரும்பாடு படுத்தினதாம். பாரீஸ், பெர்லின், ஸ்டாக்ஹோம்னு ஒரு சுற்று. அவர் பேரையே வினைச்சொல்லா மாத்தி ஆங்கில அகராதியிலயும் ஏத்தினாங்க.

இப்ப என்னை உறுத்தற கேள்வி. க்ரூஸர் உண்மையிலயே திருந்துச்சா, இல்ல தோத்துப் போச்சா?

குதிரை வேட்டையாடப்படற மிருகம். காட்டுல அது படுத்துட்டா, அதுவும் எழ முடியாம படுத்துட்டா, அடுத்தது சாவுதான். ரேரியோட வார் அதை அந்த இடத்துக்குத்தான் கொண்டு போகுது. 1967-ல செலிக்மனும் மேயரும் நாய்களை வச்சு ஒரு சோதனை பண்ணினாங்க. என்ன செஞ்சாலும் வலியிலிருந்து தப்ப முடியாதுன்னு ஆன நாய்கள், அப்புறம் தப்பிக்க வழி கிடைச்சப்பகூட முயற்சி பண்ணாம படுத்துக்கிச்சு. பழகிப்போன கையாலாகாத்தனம். படுக்கவச்ச குதிரையோட அமைதியும் இதே ரகம்தான், அதுக்குப் பேர் நம்பிக்கை இல்லன்னு இன்னைக்கு நடத்தை அறிவியல் படிச்ச பலர் சொல்றாங்க. அதுல நியாயம் இருக்கு.

ஆனா முழு நியாயம் இல்லன்னு எனக்குத் தோணுது. அந்தக் காலத்து மாற்று என்ன? அடி, அதுவும் பலிக்கலைன்னா குண்டு. க்ரூஸர் மாதிரி குதிரைக்கு மூணாவது வழியே கிடையாது. அதோட, வெறும் தோல்வின்னா படுத்ததோட முடிஞ்சிருக்கும். படுத்த பிறகு அடி விழும்னு எதிர்பார்த்த மிருகத்துக்கு, முதல்முறையா ஒரு மனுஷக் கை வலிக்காம பட்டுச்சு. அதுவும் அந்த மூணு மணி நேரத்துலதானே நடந்தது? வாரையும் தடவலையும் பிரிச்சுப் பார்க்க முடியாதுங்கறதுதான் இதுல சிக்கல்.

1860 கடைசியில ரேரி ஊர் திரும்பும்போது க்ரூஸரையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போனார். நியூயார்க்ல இரண்டு பேரும் சேர்ந்து மேடையேறினாங்க. 1866-ல ரேரி செத்துப் போனார், 38 வயசுதான். க்ரூஸர் க்ரோவ்போர்ட்லயே இன்னும் ஒன்பது வருஷம் இருந்து 1875-ல செத்தது. ரேரி போனதுக்கப்புறம் அதுக்குப் பழைய கோபம் திரும்பிடுச்சுன்னு சொல்லுவாங்க. நிஜம்னா, அது குதிரையினம் முழுசுக்கும் மனுஷனை நம்பக் கத்துக்கல, ஒரே ஒரு ஆளை நம்பியிருக்கு.

1989-ல மான்ட்டி ராபர்ட்ஸ்னு இன்னொரு அமெரிக்கர் அதே வின்ட்சர்ல, இரண்டாம் எலிசபெத் ராணி முன்னாடி குட்டிகளைப் பழக்கிக் காட்டினார். இங்க வார் கிடையாது. வட்டமான வேலிக்குள்ள குட்டியை ஓட விட்டு, அதுவா பக்கத்துல வர்ற வரைக்கும் காத்திருக்கற முறை. இதையும் குறை சொல்றவங்க உண்டு. வேலி போட்ட வட்டத்துல குட்டி எங்கதான் ஓடும்? ஆனா 1998-ல வந்த 'தி ஹார்ஸ் விஸ்பரர்' படத்துல, மிரண்டு போன குதிரையை ராபர்ட் ரெட்ஃபோர்ட் கடைசியில எப்படி வழிக்குக் கொண்டு வர்றார்? முன்னங்காலைக் கயித்துல மடக்கி, படுக்க வச்சு, அந்தப் பொண்ணைத் தடவ வைக்கறார். 140 வருஷம் கழிச்சும் ரேரிதான்!

அந்தப் படத்துக்கு ஆலோசகரா இருந்த பக் ப்ரானமனைப் பத்தி 2011-ல 'பக்'னு ஒரு ஆவணப்படம் வந்தது. அதுல ஒரு குட்டி வரும். மூணு வயசு ஆண், பிறக்கும்போதே தாய் செத்துப் போச்சு, மூச்சுத் திணறி மூளையிலயும் பாதிப்பு. வீட்டுல செல்லமா கையில வளர்த்திருக்காங்க, காயடிக்கல, பெரிய குதிரைகள்கிட்ட உதை வாங்கி மரியாதை கத்துக்கவும் வாய்ப்பில்ல. முதல்ல சேணம் போடற அளவுக்குக் கொண்டு வந்துடறாங்க. அப்புறம் ஒருத்தர் தலையைக் கடிச்சுக் குதறிடுது. தைரியசாலியான உடமைக்காரம்மாவும் அதைக் கொன்னுடலாம்னு முடிவு பண்ணிடறாங்க. பக் அந்தக் குட்டி மேல கோபப்படல. இதை இந்த நிலைமைக்கு விட்டது மனுஷங்கதான்னு அந்தம்மாகிட்ட நேருக்கு நேரா சொல்றார். அப்புறம் குட்டியை வண்டியில ஏத்தற வேலையையும் அவரேதான் செய்யறார், கையில ஒரு சின்னக் கொடி, அவசரமே இல்லாம.