தெருவேலும் பீமாபள்ளியும்

ஸ்பெயினின் அரகோன் மலைநாட்டுச் சிறுநகரான தெருவேலில், சான் மார்ட்டின் கோபுரம் கிறிஸ்தவ ஆலயத்தின் மணிக்கூண்டு. அதன் கலைமரபு முஸ்லிம் கொத்தர்களுடையது. திருவனந்தபுரத்துக் கடலோரப் பீமாபள்ளி முஸ்லிம்களின் தலம். அதை வடிவமைத்தவர் கோவிந்தன் கோபாலகிருஷ்ணன் என்ற இந்து.

சான் மார்ட்டின் கோபுரத்தின் அடியில் ஒரு வளைவு. அதனூடே தெரு போகிறது. மேலே செங்கல் பின்னல், இடையிடையே பச்சையும் வெள்ளையுமாக மெருகேற்றிய ஓடுகள். ஆச்சரியம் உள்ளே இருக்கிறது. ஒரு கோபுரத்தைச் சுற்றி மற்றொரு கோபுரம், நடுவே படிக்கட்டு. மினாரா கட்டும் முறையேதான் இது! பாங்கு சொல்பவருக்காக உருவான வழியில் மணியடிப்பவர் ஏறினார்.

கோபாலகிருஷ்ணன் தந்தைவழியில் தொழிலுக்கு வந்தவர். 1960களில் ஒப்பந்ததாரரான தந்தையுடன் திருவனந்தபுரத்துப் பாளையம் பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் பணியில் இருந்தார். 1967-இல் குடியரசுத் தலைவர் ஜாகிர் ஹுசைன் அதைத் திறந்து வைத்தார். பிறகு கோபாலகிருஷ்ணன் வடிவமைத்த பள்ளிவாசல்கள் நூற்றுக்கும் மேல். அவர் பெயர் ஊரறிந்தது. தெருவேல் கொத்தர்களுக்கோ உமர், அப்தல்லா என்று ஊர்க்கதை சூட்டிய பெயர்கள்தாம். ஒரே பெண்ணுக்காகப் போட்டி போட்டுக் கோபுரம் எழுப்பினார்களாம். கதைக்கு எப்போதும் ஒரு பெண் வேண்டும்.

ஒற்றுமை இதுவரைதான். தெருவேலின் வடிவம் அந்த மண்ணில் பல தலைமுறை ஊறியது, மக்கள்தாம் நிலைக்கவில்லை. 1526-இல் அரகோன் முஸ்லிம்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டனர். 1610-இல் அவர்களின் வழியினரும் நாடு கடத்தப்பட்டனர். திருவனந்தபுரத்தில் நேர்மாறு. மக்கள் இந்த மண்ணுக்குரியவர்கள், வடிவமே வந்தேறி. கேரளத்தின் பழைய பள்ளிகளுக்குக் குவிமாடம் கிடையாது. கோழிக்கோடு மிஷ்கால் பள்ளியில் அடுக்கடுக்கான சரிவுக்கூரையே இன்றும் நிற்கிறது. பீமாபள்ளியின் குவிமாடங்களும் உயர்ந்த மினாராக்களும் வடநாட்டு முகலாயச் சாயல் கொண்டவை. மழைக்கேற்ற அந்தக் கூரைமரபு கைவிடப்பட்டதில் எனக்கு வருத்தமே.

கைவேலையின் நுட்பத்தில் தெருவேலே உயர்ந்தது. 1986-இல் யுனெஸ்கோ அதன் கோபுரங்களை உலக மரபுச் சின்னமாக ஏற்றதும் நியாயமே. ஆனால் அவற்றைக் காண வருபவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள். பீமாபள்ளிக்கு உரூஸ் விழா நாட்களில் முஸ்லிம்களோடு பிற மதத்தவரும் சந்தனம் பூசிய குடத்தில் காணிக்கை சுமந்து வருகிறார்கள்.