கேபிள் கம்பியும் தறிக்கூலியும்

ஜவ்வாது மலையடிவாரத்தில், ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகராக விளங்கி இன்று ரேணுகாம்பாள் கோயிலால் அறியப்படும் படவேடு, ஆரணிப் பட்டு நெசவு பரவியுள்ள வட்டாரத்தைச் சேர்ந்தது. இத்தகைய ஊர்களில் கேபிளை நிறுத்திவிட்டு ஓடிடிக்கு, அதாவது இணையத்தின் வழியே படங்களையும் தொடர்களையும் வழங்கும் தளங்களுக்கு, மாறுவதா என்னும் கேள்வியை மாதச் செலவுக் கணக்காக மட்டும் பார்த்தால், கேபிள் எப்படி வீட்டுக்குள் வந்தது என்பது மறந்துபோகும்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது, தொலைவிலுள்ள ஊர்களுக்கு உயரமான ஆண்டெனாவே துணை. 1991இல் செயற்கைக்கோள் சேனல்கள் வந்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. மாடியில் பெரிய டிஷ் ஒன்றை நிறுத்தி, அங்கிருந்து தெருத்தெருவாகக் கம்பி இழுத்து வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்த கேபிள்காரர் என்னும் சிறுதொழிலாளி அவ்வாறுதான் உருவானார். 1995ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் அவரைத் தலைமை அஞ்சலகத்தில் பதிவுசெய்யச் சொன்னது. ஆனால் அவருடைய தொழில் நிலைத்தது சட்டத்தால் அன்று, முகப்பழக்கத்தால்.

அந்த முகப்பழக்கத்தின் மதிப்பு நெசவாளர் வீட்டில் தெளிவாகத் தெரியும். கூலிக்கு நெய்பவருக்குப் பணம், பெரும்பாலும் பாவு அறுத்துச் சேலையை ஒப்படைத்த பிறகே கைக்கு வருகிறது. மாதத்தின் முதல் தேதிக்கும் அவருடைய வருவாய்க்கும் தொடர்பில்லை. வாசலுக்கு வந்து வசூலிக்கும் கேபிள்காரரிடம் அடுத்த வாரம் தருவதாகச் சொல்லலாம். முன்கூட்டியே தொகையைக் கேட்கும் ஓடிடி தளத்திடம் அப்படிச் சொல்ல முடியாது.

அரசும் இவ்வணிகத்துக்குள் வந்தது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் பெட்டியைக் கொடுத்தது, இணைப்பைக் கொடுக்கவில்லை. அதன் கட்டணம் தனியார் கைக்கே போயிற்று. 2007இல் நிறுவப்பட்ட அரசு கேபிள் டிவி நிறுவனம், 2011 செப்டம்பரில் சென்னை நீங்கலான மாவட்டங்களில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியபோதுதான் அந்த இடைவெளி ஓரளவு நிரம்பியது. 2017இல் அரசு கேபிளுக்குச் செட்டாப் பாக்ஸ் வந்தது. 2019 பிப்ரவரியில், வேண்டிய சேனலுக்கு மட்டும் பணம் கட்டும் முறையை ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நடைமுறைப்படுத்தியது; தேர்வுரிமை என்று சொல்லப்பட்ட அது, பல வீடுகளில் கட்டணம் ஏறுவதாகவே முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு கேபிள் தன் கட்டணத்தை 220 ரூபாயிலிருந்து, வரி நீங்கலாக, 130 ஆகக் குறைத்தது.

இதற்குள் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து செல்பேசி இணையத்தை மலிவாக்கியிருந்தது. திரையரங்குகள் மூடப்பட்டிருந்த 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேராக ஓடிடியில் வெளியானதும், தளங்களைப் பற்றித் தயங்கியோரும் அவற்றைத் தேடினர். எனினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: கேபிள் ஒரு வீட்டுக்கு ஓர் இணைப்பு, ஓடிடியோ தளத்துக்கொரு சந்தா, பார்ப்பதும் பெரும்பாலும் கைக்கொரு திரையில். ஆகவே தொடர் பார்க்கும் முதியவர் இருக்கும் வீட்டில் கேபிளை நிறுத்துவது சிக்கனம் ஆகாது. எல்லோரும் செல்பேசியிலேயே பார்க்கும் வீட்டில் அதை வைத்திருப்பது வீண்செலவு.

கேபிளை விடுவோரும் கேபிள்காரரை முற்றிலும் விட்டுவிடுவதில்லை. தமிழகத்தின் பல ஊர்களில் இன்று வீட்டுக்கு ஃபைபர் இணையக் கம்பி இழுத்துக் கொடுப்பவரும் அவரே.