எலக்ட்ரிக் கிட்டார்: இணைய மதிப்புரைகளின் நம்பகத்தன்மை

எலக்ட்ரிக் கிட்டார் பற்றிய இணைய மதிப்புரைகள் இருவகை: வாங்கியவர்கள் விற்பனைத் தளங்களில் நட்சத்திரங்களோடு எழுதும் குறிப்புகள் ஒன்று, வாசிப்பவர்கள் வெளியிடும் அறிமுகக் காணொளிகள் மற்றொன்று. நல்ல இசைக்கருவிக் கடை இல்லாத ஊரில் இருப்பவருக்குப் பெரும்பாலும் இவைதான் வழிகாட்டி. இவற்றின் நம்பகத்தன்மை எழுதியவரின் நேர்மையோடு முடிந்துவிடுவதில்லை. நேர்மையானவர் எழுதியதும், அவர் கையில் இருந்த கருவியும் வாங்குபவர் கைக்கு வரும் கருவியும் வேறாக இருப்பதால் பயனற்றுப் போகலாம்.

ஒலி பற்றிய தீர்ப்பு

மதிப்புரைகளில் அதிகம் எழுதப்படுவதும் குறைவாக நம்பத்தக்கதும் ஒலி பற்றிய பகுதியே. எஃகுக் கம்பியின் அதிர்வைப் பிக்கப் மின்சமிக்ஞையாக மாற்றுகிறது. அந்தச் சமிக்ஞை வால்யூம், டோன் திருகிகள், கேபிள், பெடல்கள், ஆம்ப், ஸ்பீக்கர், மைக் எல்லாவற்றையும் கடந்துதான் காணொளிக்கு வருகிறது. பிக்கப்பைத் திருகிக் கம்பிக்கு ஒரு மில்லிமீட்டர் நெருக்கினாலே ஒலி உரக்கும். சற்று உரக்கக் கேட்பதை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்வது காதின் இயல்பு. ஆகவே ஒலியளவைச் சமன்செய்யாமல் இரண்டு கிட்டார்களை ஒப்பிடும் காணொளி, எவ்வளவு அழகாகப் படமாக்கப்பட்டிருந்தாலும், சான்றாகாது.

கண்ணும் விலையும் காதை எவ்வளவு வசப்படுத்தும் என்பதற்கு வயலின் உலகில் ஒரு சோதனை உண்டு. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்கள், பார்வையை மறைக்கும் கண்ணாடி அணிந்து, பழைய இத்தாலிய வயலின்கள் மூன்றையும் புதியவை மூன்றையும் வாசித்தனர். அதிகம் விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். குறைவாக விரும்பப்பட்டது பழையவற்றுள் ஒன்றான ஒரு ஸ்ட்ராடிவேரி. கிட்டாருக்கும் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் இப்படியொரு சோதனை நடத்தி 2018இல் வெளியிட்டார்கள். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வெவ்வேறு மரங்களால் ஆன 6 அகூஸ்டிக் கிட்டார்களை 52 பேர் எது எந்த மரம் என்று தெரியாமல் வாசித்து மதிப்பிட்டனர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரமும் அவற்றில் ஒன்று. விலையில் பெரிய வேறுபாடு உள்ள அந்த மரங்களுக்கு வாசித்தவர்கள் அளித்த மதிப்பெண்களில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஒலிக்கு உடற்பலகையையே நம்பியிருக்கும் அகூஸ்டிக்கிலேயே இப்படியென்றால், எலக்ட்ரிக் கிட்டாரின் மரத்தைக் கேட்ட மாத்திரத்தில் கண்டுகொண்டதாக எழுதும் மதிப்புரையை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

கையும் பழக்கமும்

"கம்பி இறுக்கமாக இருக்கிறது" என்ற குறை பலநேரம் கிட்டாரைப் பற்றியதே அல்ல. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 648 மி.மீ.; கிப்சன் லெஸ் பாலில் சுமார் 628 மி.மீ. ஒரே தடிமனுள்ள கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால் முன்னதில் இழுவிசை ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதல். பல ஆண்டுகள் லெஸ் பால் வாசித்த கைக்கு ஸ்ட்ராட் முரடாகத் தோன்றும். எழுதுபவர் வழக்கமாக எதை வாசிப்பவர், எந்தத் தடிமன் கம்பி மாட்டியிருந்தார் என்ற இரண்டும் தெரியாவிட்டால் அவருடைய தீர்ப்பை எடைபோட வழியில்லை.

வேலைப்பாடு பற்றிய குறிப்புகள்

நம்பத்தக்க மதிப்புரையை அதன் விவரத்தால் அடையாளம் காணலாம். "சவுண்ட் சூப்பர், காசுக்கு ஏற்ற கிட்டார்" என்ற வரி எந்தக் கிட்டாருக்கும் பொருந்தும். "12ஆம் ஃப்ரெட்டில் ஆறாவது கம்பி 2.5 மி.மீ. உயரத்தில் வந்தது, மூன்றாவது கம்பி பெண்ட் செய்தபின் சுருதி இறங்கியது, நட் பள்ளத்தில் பென்சில் கரி தடவியதும் சரியானது, ஃப்ரெட் முனைகள் விரலைக் கீறுகின்றன" என்று எழுதியவர் கிட்டாரைக் கையில் வைத்துப் பார்த்தவர். அதிலும் எதைச் செட்டப்பில் சரிசெய்யலாம், எதைச் சரிசெய்ய முடியாது என்று படிப்பவர் பிரித்துப் பார்க்க வேண்டும். கம்பியின் உயரம் பிரிட்ஜில் சில திருகல்களில் குறையும். முறுக்கிக்கொண்ட நெக் அப்படியல்ல. வாங்கிய அன்றே எழுதியதைவிட ஓராண்டு வாசித்தபின் எழுதியதற்கு மதிப்பு அதிகம். மரம் வெயிலையும் ஈரத்தையும் ஒரு சுற்று கண்டிருக்கும்.

எழுதப்பட்ட ஆண்டும் முக்கியம். ஸ்குவையர் பிராண்டின் கிளாசிக் வைப் கிட்டார் வரிசை 2008இல் சீனத் தயாரிப்பாக வந்து பெரும் புகழ் பெற்றது. 2019இல் புதுப்பிக்கப்பட்ட வரிசை இந்தோனேசியாவில் செய்யப்பட்டது. பெயர் ஒன்றே என்பதால் பழைய பாராட்டு புதிய கருவிக்குத் தானாகச் சேராது.

தனித்தனியே எழுதிய பலர் ஒரே குறையைச் சுட்டும்போது அதைப் பெரும்பாலும் நம்பலாம். 2015ஆம் ஆண்டு மாடல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிப்சன் தானியங்கி ட்யூனர்களையும் அகலமான நெக்கையும் பித்தளை நட்டையும் பொருத்தி விலையையும் ஏற்றியது. வாசிப்பவர்கள் பரவலாக எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே பழைய அமைப்பில் ஒரு தனி வரிசையை நிறுவனம் கொண்டுவந்தது.

நட்சத்திரங்களும் பணமும்

சராசரி நட்சத்திரம் மேலோட்டமான அளவுகோல். மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் நொந்தவரும் எழுதுவார்கள். இடைப்பட்டவர் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஒற்றை நட்சத்திரங்களில் சில, நசுங்கி வந்த பெட்டிக்காகக் கூரியர்மேல் கொண்ட கோபம். மூன்று நட்சத்திரக் குறிப்புகளையே முதலில் படிப்பது நல்லது. நிறையும் குறையும் ஒன்றாக இருப்பது அங்கேதான்.

காணொளிகளில் கிட்டார் எப்படிக் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இலவசமாக அனுப்பப்பட்டதா, இரவலா, கீழே தரப்பட்ட இணைப்பு வழியாக வாங்கினால் கமிஷன் உண்டா என்று சொல்பவரின் பேச்சுக்குக் கூடுதல் மதிப்பு தரலாம். விற்பவரே பிராண்டின் உரிமையாளராக இருப்பதும் உண்டு: ஹார்லி பென்டன் கிட்டார்கள் ஜெர்மனியின் தோமன் நிறுவனத்தின் சொந்தப் பிராண்ட், தோமன் தளத்தில் உள்ள மதிப்புரைகளை அந்த உறவு தெரிந்தே படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பொய் மதிப்புரைகளை எழுதுவதையும் விற்பதையும் தடைசெய்யும் கூட்டாட்சி வர்த்தக ஆணைய விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென ஐ.எஸ். 19000 தரநிலையை வெளியிட்டது. விருப்பமுள்ள நிறுவனங்கள் பின்பற்றுவதற்கான தரநிலையாகவே அது வந்தது. எனவே இந்தியத் தளங்களில் கிட்டார் வாங்குவோர், பொருளை வாங்கியவர்தான் எழுதினார் என்ற குறி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அதே பெயரில் வந்த பிற மதிப்புரைகளையும் திறந்து படிக்க வேண்டும். ஒரே நாளில் மிக்சிக்கும் செருப்புக்கும் கிட்டாருக்கும் ஒரே வாசகத்தில் ஐந்து நட்சத்திரம் தந்திருக்கும் பெயரை அந்த நிமிடமே ஒதுக்கிவிடலாம்.