வாயில்லா ஜீவனின் இருதயம்



மாத்தளை நகரை அடுத்த ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். மிளகுக் கொடி படர்ந்த வேலி; முற்றத்தில் ஒரு மாமரம்; திண்ணையோரத்தில், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அவ்வீட்டைக் காத்துவந்த நாய் படுத்திருக்கிறது. சில மாதங்களாக அது இரவில் இருமுகிறது. முன்போலப் படலைவரை ஓடுவதில்லை. பாதி வழியில் நின்று மூச்சு வாங்குகிறது. “மூப்பு வந்துவிட்டது, இனி என்ன செய்வது?” என்கின்றனர் வீட்டார். ஆனால், அது மூப்பு மட்டுமாக இராது. நாயின் இருதயம் நோயுற்றிருக்கவும் கூடும். அந்நோயை அறியவும் அதற்கு மருந்து கொடுக்கவும் இன்று வழி உண்டு. அவ்வழி எவ்வாறு திறந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

விலங்குக்கு வைத்தியம் செய்வது நமக்குப் புதியதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி பொறித்த இரண்டாம் பாறைச் சாசனம், மனிதருக்கும் விலங்குகளுக்குமாக இருவகை வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்யப்பட்டதைக் கூறுகிறது. அந்த ஏற்பாடு சென்ற தேசங்களின் வரிசையிலே சோழர், பாண்டியர் நாடுகளோடு இலங்கையைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் தாம்பிரபர்ணியும் இடம்பெறுகிறது. நான்காம் நூற்றாண்டில் ஆண்ட புத்ததாச மன்னன் யானைகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியரை நியமித்தான் என்றும், நோயுற்ற நாகம் ஒன்றையும் தானே குணப்படுத்தினான் என்றும் சூளவம்சம் சொல்லும். மாத்தளைக்கு வடக்கேயுள்ள அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டதை யாவரும் அறிவர். ஓலையில் எழுதிக் காக்கும் அத்தகைய வழக்கமே பிற்காலத்தில் மாட்டு வாகடம் போன்ற வைத்திய நூல்களையும் தலைமுறை தலைமுறையாக வாழவைத்தது.

ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். யானை போருக்கு வேண்டும். குதிரை அரசனுக்கு வேண்டும். மாடு உழவனுக்கு வேண்டும். ஆதலின் அவற்றுக்கு வைத்தியர் இருந்தனர். வாசலில் கிடக்கும் நாயின் இருதயத்தைப் பற்றி எண்ணியவர் அரியர். ஆனால், மனித இருதயத்தைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதிற் பெரும் பகுதியை விலங்குகளிடமிருந்தே கற்றோம்.

1628ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய வைத்தியர், இரத்தம் உடலெங்கும் சுற்றி மீண்டும் இருதயத்தை வந்தடைகிறது என்பதை ஒரு சிறு நூலால் நிலைநாட்டினார். நாய், பாம்பு முதலான பல உயிர்களின் துடிக்கும் இருதயத்தை நேரிற் பார்த்துப் பெற்ற அறிவு அது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், இனிப் பயன்படாது எனக் கொல்லப்படவிருந்த பெண்குதிரை ஒன்றைக் கட்டிக் கிடத்தி, அதன் காலின் இரத்தக் குழாயில் பித்தளைக் குழலைச் செலுத்தி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் அக்குழாயில் எட்டடி மூன்றங்குல உயரத்துக்கு ஏறிற்று. 1733இல் அவர் வெளியிட்ட இச்செய்தியே, இரத்த அழுத்தம் முதன்முதலாக அளக்கப்பட்ட வரலாறு. இன்று வைத்தியர் நம் கையிற் பட்டி கட்டி அழுத்தம் பார்க்கும்போது, அந்தக் குதிரையை நினைப்பவர் எவர்?

அடுத்து வந்தது ஒரு நாயின் கதை. நல்ல வேளையாக, இது துன்பக் கதையன்று. இலண்டனில் ஒகஸ்டஸ் வாலர் என்ற உடலியல் அறிஞர், மனித இருதயம் துடிக்கும்போது எழும் நுண்ணிய மின்னோட்டத்தை 1887இல் முதன்முதலாகப் பதிவுசெய்தார். அவரிடம் ஜிம்மி என்ற புல்டோக் நாய் ஒன்று இருந்தது. அதன் முன்காலையும் பின்காலையும் உப்புநீர் நிறைந்த சாடிகளில் நிறுத்தி, கம்பிகளைக் கருவியோடு பொருத்தி, அதன் இருதயத் துடிப்பை அவையோருக்குக் காட்டுவார். நாயோ அசையாமல் நிற்கும். 1909இல் றோயல் சொசைட்டியில் நடந்த காட்சியைக் கேள்வியுற்ற பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர், இது விலங்குவதைச் சட்டத்துக்கு விரோதமன்றோ என வினவினார். சாடியிலிருந்தது வெறும் உப்புக் கரைத்த தண்ணீர்தான் என்று உள்நாட்டு மந்திரி விளக்கவேண்டியதாயிற்று.

வாலரின் செயல்முறையை 1889இல் பாசல் நகரில் நடந்த மாநாட்டிலே கண்டவர்களுள் ஒருவர் ஐன்தோவன். நம் நாட்டைப் போலவே வாசனைத் திரவியங்களுக்குப் பெயர்பெற்ற ஜாவாத் தீவிற் பிறந்த ஒல்லாந்தர் அவர். அக்கருவியிலும் மிகத் திருத்தமானதொன்றை அவர் அமைத்தார். அதற்காக 1924இல் நோபல் பரிசும் பெற்றார். இன்று வைத்தியசாலைகளில் எடுக்கப்படும் ஈ.சி.ஜி. படத்தின் வரலாற்றில் ஜிம்மியின் பாதச் சுவடும் உண்டு.

இவ்வளவு கொடுத்த விலங்குக்கு நாம் எப்போது திருப்பிக் கொடுத்தோம்? மிகத் தாமதமாகவே. அதற்குக் காரணம் உண்டு. 1762இல் பிரான்சின் லியோன் நகரில் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரி தொடங்கியபோது, ஐரோப்பாவை வாட்டிக்கொண்டிருந்தது மாடுகளை மந்தை மந்தையாகக் கொன்ற வெக்கை நோய். சென்னையில் 1903இலும், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1947இலும் மிருக வைத்தியப் படிப்பு ஆரம்பித்தபோதும் உழவு மாடும் பால் மாடுமே முதற் கவலை. உழவனின் ஏர் மாடு சாகும்போது ஒரு நாயின் இருமலைக் கேட்க எவருக்கு நேரமிருக்கும்? வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்ற அறிவிப்பு 2011ஆம் ஆண்டிலேதான் வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் டெட்வைலர் என்ற மிருக வைத்தியர், ஆயிரக்கணக்கான நாய்களின் இருதயத்தைத் தம் குழுவினருடன் முறையாகச் சோதித்தார். ஏறத்தாழப் பத்தில் ஒரு நாய்க்கு இருதய நோய் இருப்பதாக அறியப்பட்டது. சிறிய இன நாய்களுக்கு வயது செல்லச் செல்ல இருதயத்தின் இடப்புற அறைகளுக்கிடையே உள்ள வால்வு தடித்து, சரியாக மூடாமற் போகிறது. முன்னே செல்லவேண்டிய இரத்தம் பின்னே கசிகிறது, இருதயம் வீங்குகிறது, முடிவில் நுரையீரலில் நீர் கட்டுகிறது. திண்ணையோரத்து இருமலுக்கு இதுவும் காரணமாகலாம்.

பூனையின் கதை வேறு. பூனைகள் பலவற்றின் இருதயத் தசை தளர்ந்து, அவை இறந்துகொண்டிருந்தன. 1987இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் பியோன் என்பவரும் அவருடைய குழுவினரும், உணவில் டோரின் என்னும் சத்துக் குறைவதே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்று கண்டனர். பூனையின் உடல் அச்சத்தைத் தனக்குப் போதிய அளவு ஆக்கிக்கொள்வதில்லை, இறைச்சியிலிருந்தே பெறவேண்டும். தீனி செய்வோர் அதனைச் சேர்க்கத் தொடங்கியதும் அந்நோய் அருகிற்று. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில், வால்வு கசிந்து இருதயம் பெருத்திருந்தும் நோய்க்குறி இன்னும் தோன்றாத 360 நாய்கள் பல நாடுகளிலிருந்து சேர்க்கப்பட்டன. பிமோபென்டன் என்ற மருந்து பெற்றவற்றுக்கு இருதயம் செயலிழக்கும் நிலை சுமார் பதினைந்து மாதங்கள் பின்தள்ளப்பட்டது. மனிதருக்குப் பதினைந்து மாதம் சிறிதாகத் தோன்றலாம். பன்னிரண்டு ஆண்டே வாழும் உயிருக்கு அது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு.

நேயர்களே, மாத்தளையிலிருந்து அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வழியாகச் சென்றால் பேராதனை சுமார் 30 கிலோமீற்றர் தூரந்தான். அங்கே மிருக வைத்தியப் பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் உள்ளன. ஆயினும் வைத்தியரிடம் செல்லுமுன் வீட்டாரே செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நாய் நன்றாக உறங்கும்போது அருகே அமர்ந்து, அதன் மார்பு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை உயர்ந்து தாழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வழக்கமாக அது முப்பதுக்குக் குறைவாகவே இருக்கும். நாளுக்கு நாள் அதற்கு மேற் சென்றால் தாமதியாமல் மிருக வைத்தியரை நாடுங்கள். பழைய மருந்துச் சீட்டையும் எண்ணிய கணக்கையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.

தனக்கு வந்த நோவைச் சொல்ல அதற்கு வாயில்லை. உப்புநீர்ச் சாடியில் கால் வைத்து நின்ற ஜிம்மியும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றிரவு உங்கள் திண்ணையோரத்தில் இருமல் கேட்டால், விளக்கை ஏற்றி ஒரு நிமிடம் அதன் அருகில் இருங்கள். நாம் பட்ட பழங்கடனில் ஒரு சிறு பகுதியேனும் அதனால் தீரும்.