சரக்குப் பெட்டியில் எழுத்து பதித்தல்

மாதிரி ரயில் என்றதும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது பெரும்பாலும் பெரியவர்களின் பொழுதுபோக்கு. கணினியோடு மாரடித்துவிட்டு வரும் என்னைப் போன்றவர்களுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் கிடைக்கும் நிம்மதி. இதில் எனக்குப் பிடித்த வேலை தண்டவாளம் போடுவதல்ல, சரக்குப் பெட்டியின் பக்கத்தில் எழுத்து பதிப்பது.

இங்கே மிகவும் பரவலான அளவு ஹெச்.ஓ. எனப்படும் 87-இல் ஒரு பங்கு. அசல் பெட்டியில் மூன்று அங்குல உயரமுள்ள எழுத்து, மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் கூட வராது. இதைத் தூரிகையால் எழுத முடியாது. மெல்லிய படலத்தில் அச்சிட்டு வரும் டெகால்தான் வழி.

என்னதான் எழுதியிருக்கிறது? உரிமையாளரைக் காட்டும் ஓரிரண்டு முதல் நான்கு வரையான எழுத்துகள், பிறகு வண்டியின் எண். கடைசி எழுத்து எக்ஸ் என்றால் பெட்டி ரயில் கம்பெனியுடையதல்ல. எண்ணெய் டாங்கர்களில் அடிக்கடி காணலாம். அதன் கீழே சுமை எல்லை, வெற்று எடை, எடை போட்ட மாதமும் வருடமும், கட்டப்பட்ட தேதி. கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் குடத்தில் பெயரும் தேதியும் வெட்டியிருப்பார்களே, அதுபோல பெட்டியின் ஜாதகம் முழுவதும் பக்கவாட்டிலேயே இருக்கிறது.

ஆகவே டெகாலை வெட்டுமுன் எந்த வருடம் என்று முடிவு செய்ய வேண்டும். 1967-இல் வட அமெரிக்கப் பெட்டிகளுக்கு வண்ணப் பட்டைகள் கொண்ட அடையாளத் தகடு ஒன்று வந்தது. ஓடும் வண்டியைக் கருவி படிப்பதற்காக! பலசரக்குக் கடையில் பார்கோடு 1974-இல்தான் வந்தது என்பதை நினைத்தால் ஆச்சரியம். தகட்டில் அழுக்குப் படிந்ததும் கருவிக்குப் படிக்கத் தெரியவில்லை, 1977-இல் கைவிட்டார்கள். 1978-இல் ஒரு வகைச் சக்கரம் சந்தேகத்துக்குள்ளானது. சோதித்துத் தேறிய பெட்டிகளுக்குக் கறுப்புச் சதுரத்தில் மஞ்சள் வட்டம், அந்தச் சக்கரம் உள்ளவற்றுக்கு வெள்ளை வட்டம். 1965-ஆம் வருடத்து ஊரில் மஞ்சள் வட்டத்தோடு ஒரு பெட்டி வந்தால், சோழர் காலப் படத்தில் கைக்கடிகாரம் கட்டியது போலத்தான். நான் 1978-இன் கடைசி மாதங்களை வைத்துக்கொண்டேன். தகட்டைக் கைவிட்டாலும் யாரும் கழற்றவில்லை, எனவே இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கலாம்.

ஏமாற்றும் எழுத்துகளும் உண்டு. பென்சில்வேனியா ரயில்வே 1968-இல் வேறொன்றோடு இணைந்து மறைந்தது. ஆனால் 1999-இல் கான்ரெயிலைப் பிரித்துக்கொண்டபோது, நார்ஃபோக் சதர்ன் தன் பங்குக்கு வந்த பெட்டிகளில் அதே பி.ஆர்.ஆர். எழுத்துகளைப் போட்டது. எழுத்து மட்டும் போதாது, தேதியையும் பார்க்க வேண்டும்.

இனி செய்முறை. பெட்டியின் மேல் முதலில் பளபளப்பான வார்னிஷ் வேண்டும். மங்கலான பெயிண்ட் நுணுக்கமாகப் பார்த்தால் கரடுமுரடானது. படலத்துக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளி போல் மின்னும், எழுத்து ஒட்டுவில்லை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். எழுத்தை ஒட்டி வெட்டி, வெதுவெதுப்பான நீரில் சில நொடி நனைத்து, காகிதத் துண்டின் மேல் ஒரு நிமிடம் விடவும். ஈரமாக்கிய பெட்டியின் மேல் அதை நகர்த்தி, தூரிகை நுனியால் நேராக்கலாம். நீரை ஒற்றியெடுத்தபின் படலத்தை இளக்கும் திரவம். இது பட்டதும் படலம் சுருங்கிக் கோணலாகும், பயந்து தொட்டுவிடக் கூடாது! தானாகவே ஆணித்தலை, பலகை இடுக்கு எல்லாவற்றிலும் படிந்து உட்காரும். மறுநாள் குமிழி தெரிந்தால் ஊசியால் குத்தி மீண்டும் திரவம் விடலாம். கடைசியில் கழுவி, மங்கலான வார்னிஷ்.

கடையில் எழுத்தோடு வாங்கிய ஒரே மாதிரிப் பெட்டிகள் இரண்டு ஒரே எண்ணில் இருந்தால், பழையதை முழுதும் அழிக்க வேண்டாம். கான்ரெயில் செய்தது போல, பெயரும் எண்ணும் இருக்கும் இடத்தில் மட்டும் சற்றே நிறம் மாறிய பெயிண்டைச் சதுரமாக அடித்து, அதன்மேல் புது எண்ணைப் போட்டால் போதும்.