போலி மாத்திரையின் சாட்சியம்: மனச்சோர்வு மருந்து தாங்காதோர் பற்றி ஒரு மறுவாசிப்பு

மனச்சோர்வு மருந்தின் சிறு அளவுகூட உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவரை, அச்சத்தால் பக்க விளைவை வரவழைத்துக்கொள்பவராகக் கருதும் போக்கு ஆய்வுலகில் வலுத்திருக்கிறது. அதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று, வின்ஃப்ரீட் ரீஃப் குழுவினர் 2009இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. 143 சோதனைகளின் போலி மாத்திரைப் பிரிவுகளை அது ஒப்பிட்டது. பழைய டிரைசைக்ளிக் மருந்துகளுக்கான சோதனைகளில் போலி மாத்திரை பெற்றோரில் 19.2 விழுக்காட்டினர் நாவறட்சி என்றனர், புதிய எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளின் சோதனைகளில் 6.4 விழுக்காட்டினரே. மலச்சிக்கல் முறையே 10.7, 4.2. மருந்தே இல்லாமல் அந்தந்த மருந்தின் சாயலில் தொல்லை தோன்றியிருக்கிறது. இதை நான் ஏற்கிறேன். இதைக் கொண்டு தனி நோயாளிக்குத் தீர்ப்பு எழுதுவதை ஏற்கவில்லை.

கேட்கும் முறை மாறினால் எண்ணும் மாறுகிறது என்பதை அதே தொகுப்பாய்வு பதிவு செய்கிறது: பட்டியல் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்ட இடங்களில் தொல்லைகள் கூடுதலாகப் பதிவாயின. மலச்சிக்கலும் களைப்பும் மனச்சோர்வோடு சேர்ந்தே வருபவை. ஆகவே அந்த 19.2க்குள்ளும் 10.7க்குள்ளும் எதிர்பார்ப்பு, கேள்வி, நோய் மூன்றும் கலந்திருக்கலாம். அதைவிட முக்கியமானது: அது ஒரு கூட்டத்தின் விகிதம். மருந்துப் பிரிவில் அவதிப்பட்ட ஒருவர் எதனால் அவதிப்பட்டார் என்று அந்த விகிதத்தைக் கழித்துப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இந்தக் கழித்தலைத்தான் அச்சமே காரணம் என்னும் வாசிப்பு ஓசையின்றிச் செய்கிறது.

அச்சமல்லாத காரணமும் உண்டு. நார்வேயில் 2,087 பேரிடம் எடுத்து 2018இல் வெளியான ஆய்வில், மருந்தைச் சிதைக்கும் சி.ஒய்.பி.2சி19 நொதிக்கான இரு மரபணுப் பிரதிகளும் செயலிழந்தவர்களின் இரத்தத்தில், எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்தான எஸ்சிட்டலோபிராம் இயல்பான நொதி உடையவர்களைவிட 3.3 மடங்கு நின்றது. 10 மி.கி. விழுங்கியவருக்குள் ஏறத்தாழ 33 மி.கி. விழுங்கியதற்கு நிகரான மருந்து; வழக்கமான உச்ச அளவோ 20 மி.கி. எந்த அச்சமும் இரத்த அளவை இப்படி உயர்த்தாது. ஓராண்டுக்குள் வேறு மருந்துக்கு மாறுவதும் அவர்களிடம் 3.3 மடங்கு. நொதி மிகையாக இயங்கியவர்களும் ஏறத்தாழ அதே அளவில் மாறினார்கள் என்பது உண்மை. அவர்களுக்கு மருந்து போதவில்லை என்றே கொள்ளலாம். மருந்து மாற்றம் பக்க விளைவுக்கு நேரடி அளவுகோல் அல்ல என்பதையும், இவர்கள் இரத்தச் சோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஆனால் இந்த எச்சரிக்கைகள் எவையும் இரத்த அளவு பற்றிய 3.3 என்ற எண்ணைத் தொடுவதில்லை.

மரபணுச் சோதனையைப் பார்த்து மருந்து தந்தும் நோய் கூடுதலாகத் தணியவில்லை என்ற மறுப்பு இங்கே பொருந்தாது. நம் வினா தாங்குதிறன் பற்றியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நெருங்கிய உறவு மருந்தான சிட்டலோபிராமை இந்த நொதி செயலிழந்தோருக்கு 20 மி.கி.க்கு மேல் தரலாகாது என்று 2012இலேயே வரையறுத்துவிட்டது. இது எங்கோ அரிதாக நேர்வதும் அல்ல. தமிழரிடையே நடத்தி 2003இல் வெளியான ஆய்வு, இந்த நொதியின் செயலிழந்த முதன்மை வடிவம் மரபணுப் பிரதிகளில் ஏறத்தாழ 38 விழுக்காடு என்று கண்டது. இரு பிரதிகளும் அவ்வாறு அமைந்த ஒருவர் எஸ்சிட்டலோபிராம் 3 மி.கி.க்கு மேல் தாங்கவில்லை என்று சொன்னால், அவர் சொல்வது பிறருடைய 10 மி.கி.யைப் பற்றித்தான்.