கானோவின் அவுரி வயல்கள்

வட நைஜீரியாவின் கானோ நகரத்தில், கோஃபர் மாத்தா என்ற பழைய கோட்டைவாசல் பக்கம் சாயக்குழிகள் இருக்கின்றன. வட்டமான, ஆழமான குழிகள். அவுரியும் சாம்பலும் காரமும் சேர்ந்து நாள்கணக்கில் புளித்த நீரில் பருத்தித் துணியை முக்குவார்கள், எடுத்துக் காற்றுப்பட விடுவார்கள், மறுபடி முக்குவார்கள். நிறம் ஏறிய துணியைக் கட்டையால் அடித்து மெருகேற்றினால் கருநீலம் உலோகம்போல் மின்னும். சகாரா பாலைவனத்தின் துவாரெக் ஆண்கள் தலையிலும் முகத்திலும் சுற்றிக்கொள்வது இந்தத் துணியைத்தான்.

1980களின் தொடக்கத்தில் கானோவில் பள்ளி மாணவர்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கப் போனேன். எண்ணெய்ப் பணம் புரண்ட அந்த நாட்களில் என்னைப் போல எத்தனையோ வாத்தியார்கள் நைஜீரியாவுக்குப் போனார்கள். சாயக்குழிகளைப் பார்த்தவர்கள் எல்லோரும் சாயக்காரரின் கைத்திறனைப் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன். ஆனால் என் தாத்தா கீழத்தஞ்சையில் பண்ணையாளாக இருந்தவர். ஒரு நல்ல துணியைத் தொட்டால், அதன் பஞ்சு விளைந்த வயலில் யார் குனிந்து நின்றார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

கானோவைப் பொறுத்தவரை அதற்கான பதிலில் பெரும்பகுதி அடிமைகள்தான். 19ஆம் நூற்றாண்டில் கானோ, சொகோட்டோ கலீஃபகத்தின் செல்வம் மிகுந்த எமிரகம். அந்த அரசின் பிறப்பை நினைத்தால் மனம் கனக்கிறது. உஸ்மான் டான் ஃபோடியோ என்ற ஃபுலானி அறிஞர் கோபிர் என்ற ஹவுசா அரசில் மார்க்கம் போதித்துவந்தார். மன்னர்களின் அநியாய வரிகளையும், சுதந்திரமான முஸ்லிம்களைப் பிடித்து அடிமையாக்கும் வழக்கத்தையும் அவர் கண்டித்தார். கோபிர் படை கிம்பானா என்ற ஊரைத் தாக்கி அங்கிருந்த முஸ்லிம்களைச் சிறைபிடித்துச் சென்றபோது, டான் ஃபோடியோவின் ஆட்கள் வழிமறித்துக் கைதிகளை விடுவித்தார்கள். அந்தப் பகைதான் 1804இல் ஜிஹாதாக வெடித்தது. ஹவுசா அரசுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1817இல் டான் ஃபோடியோ காலமானபோது பல எமிரகங்கள் அடங்கிய பெரும் கலீஃபகம் நிலைபெற்றிருந்தது.

அவர் கண்டித்தது முஸ்லிமை அடிமையாக்குவதை மட்டுமே. முஸ்லிம் அல்லாதவரைப் போரில் பிடித்தால் அடிமையாக்கலாம் என்பதே சட்டம். எல்லைகளில் போர் ஓயவே இல்லை. மலைநாட்டு மக்களும் தென்கிழக்கே அதமாவா பக்கத்து மக்களும் ஆயிரக்கணக்கில் பிடிபட்டு உள்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். டான் ஃபோடியோவின் மகன் முஹம்மது பெல்லோ ஆட்சிக்கு வந்ததும் எல்லையோரங்களில் ரிபாத் எனும் அரணுள்ள குடியிருப்புகளை உண்டாக்கும்படி ஊக்குவித்தார். அரணுக்குள் படை இருந்தது, சுற்றிலும் வயல் இருந்தது, வயலில் உழைக்க அடிமைகள் இருந்தார்கள். பாதுகாப்புக்கென்று வந்த ஏற்பாடு விவசாயத்துக்கும் அடித்தளமாகிவிட்டது. நூற்றாண்டின் முடிவில் கலீஃபகத்தில் 10 லட்சம் முதல் 25 லட்சம் அடிமைகள்வரை இருந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் பால் லவ்ஜாயின் கணிப்பு. 1860இல் அமெரிக்காவில் இருந்த அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம். அமெரிக்காவின் பருத்திப் பண்ணைகளை எல்லோரும் அறிவார்கள். இந்தப் பண்ணைகளைப் பற்றிக் கேட்டவர்களோ மிகச் சிலர்.

கானோவுக்கு வடக்கே சிறிது தூரத்தில் ஃபனிசாவு இருக்கிறது. எமிரின் அரண்மனை ஒன்றும் அதைச் சேர்ந்த பண்ணை நிலங்களும் அங்கே இருந்தன. முஹம்மது பஷீர் சலாவு இந்த ஓர் ஊரை எடுத்துக்கொண்டே ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். அடிமைகள் குடியிருந்து பயிரிட்ட பண்ணைக்கு ஹவுசா மொழியில் ரின்ஜி என்று பெயர். எமிர்கள், வணிகர்கள், மார்க்க அறிஞர்கள் எல்லோருமே ரின்ஜி வைத்திருந்தார்கள். விளைந்தவை நமக்கும் பழக்கமான பயிர்கள்தான்: சோளம், கம்பு, நிலக்கடலை, பருத்தி, அவுரி.

மழைக்காலத்தில் விடிந்ததும் எஜமானின் வயலில் இறங்க வேண்டும். பெரிய நிலத்தைக் காண்டு என்பார்கள். வரிசையாக நின்று மண்வெட்டியால் கொத்திக்கொண்டே போவார்கள். மேற்பார்வையாளனும் பெரும்பாலும் ஓர் அடிமையாகவே இருப்பான். பகலில் வயலுக்கே ஃபுரா வரும். வேகவைத்த கம்பு மாவு உருண்டையைப் புளித்த பாலில் கரைத்தது அது. நம்மூர்க் கம்பங்கூழுக்குப் பங்காளி. பிற்பகல் தொழுகை வேளையோடு எஜமானின் வேலை முடியும். அதன்பிறகு எஜமான் ஒதுக்கித் தந்த சின்னத் துண்டு நிலத்தில், தனக்கென்று கொஞ்சம் பயிரிட்டுக்கொள்ளலாம். அறுவடை முடிந்தாலும் ஓய்வு இல்லை. நூற்பு, நெசவு, சாயவேலை, மதில் பூசுவது, சுமை தூக்குவது என்று வறட்சிக்காலமும் கழிந்தது. சாயக்காரர்களிலும் நெசவாளர்களிலும் சுதந்திரமானவர்கள் நிறைய இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் கைக்கு வந்த பஞ்சிலும் அவுரியிலும் வயிற்றுக்குப் போன தானியத்திலும் அடிமை உழைப்பு கலந்திருந்தது.

1851இல் கானோவுக்கு வந்த ஜெர்மானியப் பயணி ஹைன்ரிக் பார்த், அங்கிருந்து வெளியே போகும் துணியின் மதிப்பு ஆண்டுக்குக் குறைந்தது 30 கோடி சோழி என்று கணக்கிட்டார். ஒரு குடும்பம் உடுப்பு உட்பட ஒரு வருடம் சௌகரியமாக வாழ 50,000 முதல் 60,000 சோழி போதும் என்றும் எழுதினார். சோழிதான் அங்கே காசு. மாலத்தீவுக் கடலில் எடுத்தவை கப்பலேறி ஆப்பிரிக்காவரை வந்தன. அவற்றை ஐந்தைந்தாகத் தள்ளித் தள்ளி எண்ண வேண்டும். ஐந்து லட்சம் சோழியை எண்ணி முடிக்க ஆறேழு பேர் சேர்ந்து பட்ட பாட்டை பார்த் பதிவுசெய்திருக்கிறார். அவர் கணக்கில், கானோவிலிருந்து ஏற்றுமதியான அடிமைகளின் மதிப்பைவிடத் துணியின் மதிப்பு அதிகம். பிடித்துவந்த ஆட்களை விற்பதைவிட வைத்துக்கொண்டு பயிரிடுவது அங்கே லாபமாகியிருந்தது.

அந்த அடிமைமுறை மென்மையானது என்று கானோவில் படித்தவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆதாரங்களும் உண்டு. வீட்டில் பிறந்த அடிமைப் பிள்ளைகளைப் பெரும்பாலும் விற்கமாட்டார்கள். எஜமானுக்குப் பிள்ளை பெற்ற அடிமைப்பெண்ணின் குழந்தை சட்டப்படி சுதந்திரமானது; எஜமான் இறந்தால் அவளும் விடுதலை. அரண்மனையில் ஷமாகி, டான் ரிமி போன்ற பட்டங்கள் பெற்ற அடிமைகளைக் கண்டு சுதந்திரமானவர்கள் நடுங்கினார்கள். இவையெல்லாம் உண்மை. ஆனாலும் மென்மை என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நாட்டில் ஓடிப்போவது முடியாத காரியமல்ல. அடிமைகள் ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள். துண்டு நிலமும் குடும்பமும் கொடுத்து வைத்திருந்தால் ஒருவன் ஓட யோசிப்பான். கீழத்தஞ்சையில் மிராசுதார் கொடுத்த மனைக்கட்டும் அந்த வேலையைத்தான் செய்தது. அடங்காதவர்களுக்கு விலங்கும் சந்தையும் எப்போதும் தயாராக இருந்தன.

முஸ்லிமை அடிமையாக்கக் கூடாது என்று சட்டம் போட்ட எல்லையும் நிலைக்கவில்லை. காரோ என்ற ஊரின் பாபா, அடிமைகள் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த ஹவுசா பெண். அவர் முதுமையில் சொன்ன வாழ்க்கைக் கதையை மேரி ஸ்மித் எழுதியெடுத்து 1954இல் வெளியிட்டார். பாபாவின் அத்தையையும் அவர் பிள்ளைகளையும் கொன்டகோரா எமிரின் ஆட்கள் பிடித்துப்போனார்கள். பிடித்தவர்கள் முஸ்லிம்கள், பிடிபட்டவர்கள் முஸ்லிம்கள், இரு தரப்பும் ஒரே கலீஃபாவின் குடிகள். சோழியைக் கொட்டிக்கொடுத்துத்தான் மீட்க வேண்டியிருந்தது. கிம்பானாக் கைதிகளை விடுவித்ததில் தொடங்கிய அரசு நூறு ஆண்டு முடிவதற்குள் இந்த இடத்துக்கு வந்து நின்றது.

1903இல் பிரிட்டிஷார் கானோவையும் சொகோட்டோவையும் பிடித்தார்கள். உயர் ஆணையர் ஃபிரெடரிக் லுகார்ட் சென்னையில் பிறந்தவர். அடிமைமுறையைக் கையாள அவர் எடுத்துக்கொண்ட முன்மாதிரி, இந்தியாவில் 1843இல் வந்த ஐந்தாம் சட்டம். அதன்படி நீதிமன்றம் ஒருவரை அடிமை என்று அங்கீகரிக்காது, அவ்வளவுதான். எஜமான் விட்டுவிட வேண்டும் என்ற கட்டளை அதில் கிடையாது. கீழத்தஞ்சையில் அந்தச் சட்டத்துக்குப் பிறகும் பண்ணையாட்கள் பண்ணையாட்களாகவே இருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று.

வட நைஜீரியாவிலும் கதை அப்படித்தான் போனது. 1901 ஏப்ரல் 1க்குப் பிறகு பிறந்த குழந்தைகள் மட்டும் சுதந்திரமானவர்கள் என்றார்கள். பெரியவர்கள் எஜமானோடு விலைபேசி, சம்பாதித்துக் கட்டி, காதி எனும் இஸ்லாமிய நீதிபதியின் முன் விடுதலை வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் வயல் தரிசாகும், எமிர்கள் சரிவார்கள் என்ற பயம் லுகார்டுக்கு. ஓடிவந்தவர்களுக்கு நிலம் கொடுக்கக் கூடாது என்று அதிகாரிகளுக்கு உத்தரவு போனது. அப்படியும் ஆயிரமாயிரம் பேர் வந்த திசையைப் பார்த்து நடந்தார்கள். சொகோட்டோவுக்கு அருகே சதிரு என்ற ஊரில் தப்பிவந்த அடிமைகள் பலர் கூடியிருந்தார்கள். 1906இல் அங்கே கிளர்ச்சி மூண்டது. பிரிட்டிஷ் படையும் சொகோட்டோப் பிரபுக்களின் ஆட்களும் சேர்ந்து ஊரைத் தரைமட்டமாக்கினார்கள்.

பெண்களுக்கு ஓடிப்போகும் வழிகூட எளிதாக இல்லை. அந்தப்புரத்து அடிமைப்பெண்களை மனைவிகளாகவே கருத வேண்டும் என்பது லுகார்டின் நிலைப்பாடு. ஓடிவந்தவள் காதி நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டாள். அங்கே யாராவது ஓர் ஆண் அவளுக்கான மீட்புப்பணத்தைக் கட்ட வேண்டும். கட்டியவனோடு அவள் போக வேண்டும். 1905, 1906ஆம் ஆண்டுகளின் நீதிமன்றப் பதிவுகளில் இப்படிக் கைமாறிய பெண்கள் பலர் இருக்கிறார்கள். அடிமை என்ற நிலையை முழுமையாக ஒழித்த சட்டம் 1936இல்தான் வந்தது.